ஒரு லோடு சோளத்தட்டை

“அப்போ எங்க மாடு கோடைக்கு என்னத்தத் திங்கும்?”

இருபத்தொரு வருஷங்களுக்கு முன்னால், ஐப்பசி மழையில் நின்றுகொண்டு ஆறு வயதுப் பெண்பிள்ளை ஒருத்தி ஆறுமுகசாமியிடம் கேட்ட கேள்வி இது. அவள் கோபமாகக் கேட்கவில்லை, அழுதுகொண்டும் கேட்கவில்லை. சாக்கை மடித்துத் தலையில் கவிழ்த்திருந்தாள். அதற்குள்ளிருந்து முகத்தை நீட்டி, நாளைக்குப் பள்ளிக்கூடம் உண்டா என்று விசாரிப்பதைப் போலக் கேட்டாள். லோடு நனைந்துவிடக் கூடாதே என்ற அவசரம் ஆறுமுகசாமிக்கு. “நாளைக்கே கொண்டாந்து போட்டுருதேன் தாயி” என்று ஜன்னல் வழியாகச் சொல்லிவிட்டு வண்டியை எடுத்துவிட்டார்.

அந்த நாளை வரவே இல்லை.

நடந்தது இதுதான். கோவில்பட்டியிலிருந்து பசுவந்தனை போகிற ரோட்டில் ஆறுமுகசாமிக்கு ஒரு தீப்பெட்டி ஆபீஸ் இருந்தது. தொழிற்சாலை என்று போர்டில் எழுதியிருந்தாலும் ஊர்வாயில் அது ஆபீஸ்தான். அன்றைக்கு டிரைவர் வரவில்லை என்று, தீப்பெட்டிப் பண்டல்களை ஏற்றிக்கொண்டு பிக்கப் வண்டியை அவரே லாரி ஷெட்டுக்கு ஓட்டிக்கொண்டு புறப்பட்டார். தரைப்பாலத்தில் தண்ணீர் போகிறது என்றார்கள். காட்டுப்பாதையாகச் சுற்றி அந்தப் பக்கம் ஏறிவிடலாம் என்று போனவர், கீழ ஓடைப்பட்டிக்குப் பக்கத்தில் மாட்டிக்கொண்டார். காய்ந்தால் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கிற கரிசல், நனைந்துவிட்டால் பிடித்த சக்கரத்தை விடாது. ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க வண்டி கீழேதான் போனது.

அங்கே பாதையோரம் வீடும் நிலமுமாக இருந்த சம்சாரி சிவனாண்டி வந்து பார்த்தார். திரும்பிப் போய், மாடுகளுக்காக வருஷம் முழுவதற்கும் அடுக்கி வைத்திருந்த சோளத்தட்டைப் படப்பைப் பிரித்தார். கட்டுக் கட்டாகச் சுமந்து வந்து சக்கரத்துக்கு முன்னால் போட்டார். நாலு கட்டில் வண்டி ஏறியது; பத்தடி தாண்டி மறுபடி இறங்கியது. மறுபடியும் நாலு கட்டு. இப்படியே கப்பி ரோடு வரைக்கும் தட்டையாலேயே பாதை போட்டுக் கொடுத்தார். வண்டி ரோட்டில் ஏறியபோது படப்பு இருந்த இடத்தில் நாலு கல்தான் மிச்சம்.

ஆறுமுகசாமி சட்டைப் பைக்குள் கையை விட்டார். சிவனாண்டி தடுத்துவிட்டார்.

“தட்டைக்குக் காசு வாங்குற வழக்கம் எங்க பக்கம் கிடையாது மொதலாளி. தட்டைக்குத் தட்டைதான். தோதுப்பட்டப்ப ஒரு லோடு கொண்டாந்து போடுங்க. ரெண்டு மாடு நிக்குது.”

அப்போதுதான் அவர் மகள் அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

மறுநாள் தீபாவளி லோடு. அடுத்த வாரம் கார்த்திகை லோடு. தை பிறக்கட்டும் என்று நினைத்தார். மாசி மாதம், சிவனாண்டி ரெண்டு மாட்டையும் விற்றுவிட்டதாக யாரோ பேச்சோடு பேச்சாகச் சொன்னார்கள். மாடே இல்லாத வீட்டுக்குத் தட்டையைக் கொண்டுபோய் எந்த முகத்தோடு இறக்குவது? அதோடு அந்தப் பக்கம் போவதையே அவர் விட்டுவிட்டார். கெட்டவர் இல்லை ஆறுமுகசாமி. மாதக் கார்த்திகைக்குக் கழுகுமலை போகத் தவறாதவர். ஆபீசில் வேலை பார்த்த பெண்களுக்குப் பேறுகாலம் என்றால் வீட்டுக்கே அரிசி அனுப்பி வைத்தவர். ஆனாலும் நல்ல மனுஷர்களுக்கும் எங்கேயாவது ஒரு வீடு இருந்துவிடுகிறது, முகத்தைத் திருப்பிக்கொண்டு கடந்துபோகும்படியாக.

பிறகு பெரிய மிஷின்கள் வந்தன. சின்ன ஆபீஸ்கள் ஒவ்வொன்றாகப் பூட்டின. அவரும் பூட்டினார். பிக்கப்பை ஆபீசின் சரக்குக் கிட்டங்கிக்குள் ஏற்றி நிறுத்திக் கதவைச் சாத்தியது பதிமூன்று வருஷத்துக்கு முன்னால். இந்த வருஷம் பங்குனியில் இடத்தை விலை பேசி முடித்தாயிற்று. சித்திரை முடிவதற்குள் காலி செய்து கொடுக்க வேண்டும். கிட்டங்கியைத் திறந்தவர், தூசிக்குள் அந்த வண்டியின் மூஞ்சியைப் பார்த்தார். அன்றிலிருந்து அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை.

உட்கார்ந்தால் எழுந்தார். எழுந்தால் வாசலுக்குப் போனார். சாப்பாட்டில் உப்பு இருக்கிறதா என்று மீனாட்சியம்மாள் கேட்டால், சாப்பிட்டேனா என்று இவர் கேட்டார். மூன்றாம் நாள் மனைவியிடம் எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். நாற்பது வருஷம் உடன் வாழ்ந்தவளுக்கும் அந்தக் கதை அன்றைக்குத்தான் தெரியும்.

“ஒரு லோடு தட்டைக்கா இம்புட்டுப் பாடு? போன் போட்டா லோடு ஆட்டோ வாசல்ல வந்து நிக்கும்” என்றாள் அவள்.

“அந்த வண்டிக்குத்தான் அவரு தட்டை போட்டாரு. அந்தச் சக்கரம்தான் மிதிச்சுச்சு. அதுவே கொண்டுபோய் இறக்கட்டும்.”

“வாக்குக் குடுத்தது சக்கரமா, நீங்களா?”

ஆறுமுகசாமி செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

மெக்கானிக் செண்பகராஜுக்கு எட்டயபுரம் ரோட்டில் பட்டறை. நாற்பது வயது; கையைவிட வாய் வேகம். கிட்டங்கிக்குள் வந்து வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினான். தரை வெறும் கரிசல். பின்சுவர் வழியாக ஒவ்வொரு மழைக்கும் தண்ணீர் இறங்கி, மண் உப்பி, காய்ந்து, மறுபடி உப்பி, நாலு சக்கரத்தையும் பாதி வரைக்கும் கவ்விப் பிடித்திருந்தது.

“அண்ணாச்சி, இது நிக்கலை. முளைச்சிருக்கு” என்றான் அவன்.

“எழுப்பிரலாமாலே?”

“எலி எம்புட்டுத் தின்னுருக்குன்னு பாத்துட்டுச் சொல்லுதேன்.”

பானெட்டைத் தூக்கினான். உள்ளே மஞ்சள் துணிப்பைகள் நாலைந்து. ஒன்றை அவிழ்த்து மூக்கருகில் கொண்டுபோனவன் அடுக்காக ஏழு தும்மல் போட்டான். விளாத்திகுளத்துக் குண்டு மிளகாய் வத்தல். வண்டியைப் பூட்டிய அன்றைக்கு, எலி வராமலிருக்க மீனாட்சியம்மாள் செய்து வைத்த ஏற்பாடு அது. ஒரு ஒயரில்கூடப் பல் படவில்லை.

“மதினி, இது எலிக்கு வச்சியளா, எனக்கு வச்சியளா?” என்று அன்று மாலை காப்பி வாங்கிக் குடிக்கும்போது கேட்டான்.

“பதிமூணு வருஷமா உன்னை எதிர்பார்த்துக்கிட்டே இருந்தேம்பா” என்றாள் மீனாட்சியம்மாள்.

வேலை ஆரம்பமாயிற்று. சக்கரத்தைச் சுற்றி மண்ணை ஊறவைத்து, கடப்பாரையால் நோகாமல் கிளப்பினார்கள். டயர் நாலும் வெடித்துப் போயிருந்தன. வேறு வாங்க வேண்டியிருந்தது. டீசல் டாங்கிக்குள் டீசல் இல்லை, அடிப்பாகத்தில் வெல்லப்பாகு மாதிரி ஏதோ ஒன்று இருந்தது. இஞ்சின் கெட்டித்துப் போய்க் கிடந்தது. செண்பகராஜ் நாசில்களைக் கழற்றி, அந்த ஓட்டைகள் வழியாக எண்ணெய் ஊற்றி, “மூணு நாளைக்கு யாரும் தொடப்பிடாது” என்றான்.

யாரும் தொடவில்லை, ஆறுமுகசாமியைத் தவிர. காலையில் போய் இஞ்சினைக் கையால் சுற்றிப் பார்ப்பார். அசையாது. டீ குடித்துவிட்டு வந்து மறுபடி சுற்றிப் பார்ப்பார்.

“அடையில இருக்கிற கோழியை நிமிசத்துக்கு ஒருக்கா எழுப்பி எழுப்பிப் பாத்தா எப்படி அண்ணாச்சி?”

“உனக்கு என்னலே. நீ நல்லாத் தூங்குத.”

“அப்படி என்ன தலைபோற அவசரம்? கோயில் மாட்டுக்குத் தானே தட்டை?”

அப்படித்தான் அவனிடம் சொல்லியிருந்தார். உண்மையைச் சொல்ல நாக்கு எழவில்லை.

ஓசூரிலிருந்து மகன் ஹரிஹரசுதன் போன் போட்டான். “அப்பா, அந்த வண்டிக்கு எஃப்சி முடிஞ்சு பல வருஷம் ஆச்சு. வரி, இன்சூரன்ஸ் ஒண்ணும் கிடையாது. ரோட்டுல ஏத்துனீங்கன்னா பிடிச்சு உள்ள வச்சிருவான்.”

“ரோட்டுல ஏத்தலப்பா. ஆபீஸ் பின்வாசல்லருந்து காட்டுப்பாதை. நாலு கிலோமீட்டர்.”

“எதுக்கு?”

“ஒரு சோலி இருக்கு.”

மகன் அதற்கு மேல் கேட்கவில்லை. அம்மாவிடம் கேட்டுக்கொள்வான்.

மூன்றாம் நாள் இஞ்சின் கால் சுற்று அசைந்தது. நாலாம் நாள் முழுச் சுற்று. ஆறுமுகசாமி செண்பகவல்லியம்மன் கோயிலில் தேங்காய் உடைத்தார். அதே நாளில்தான், பால் சொசைட்டிக்குக் கிராமம் கிராமமாகப் பால் எடுக்கப் போகிற உக்கிரபாண்டியை டீக்கடையில் பார்த்தார். பார்த்ததும் வாய் தானாகக் கேட்டுவிட்டது.

“கீழ ஓடைப்பட்டிக்கும் நீ போறியா? அங்கன சிவனாண்டின்னு ஒரு சம்சாரி…”

“அவிய போய்ச் சேந்து ஆறு வருஷம் ஆச்சே அண்ணாச்சி.”

ஆறுமுகசாமி கையிலிருந்த டீயைக் கீழே வைத்தார்.

“அதே வீட்டுல மகள்தான் இருக்கா. மாடத்தி. மில்லுக்குப் போறா. மாப்பிள்ளை லாரியில, மாசத்துக்கு ஒரு தடவை வருவாரு. ரெண்டு கறவை நிக்குது, பாவம். இந்த வருஷம் தட்டை எங்கன இருக்கு? எல்லாரும் மக்காச்சோளம் போட்டானுவ, அதுவும் கருகிப் போச்சு. வார சனிக்கிழமை சந்தைக்கு ரெண்டையும் ஓட்டிருவேன்னு சொல்லுதா. கட்டிப்போட்டுப் பட்டினி போடுறதுக்கு வித்துரலாம்லா.”

அன்று திங்கட்கிழமை.

வீட்டுக்கு வந்த ஆறுமுகசாமி மனைவியிடம் இதைச் சொன்னார். அவள் அரிவாள்மனையை மடக்கி வைத்தாள்.

“இன்னைக்கே ஒரு வண்டி பிடிச்சு அனுப்பிருங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.”

“வெள்ளிக்கிழமைக்குள்ள நம்ம வண்டி ஓடிரும் மீனாட்சி.”

“ஓடலைன்னா?”

“ஓடிரும்.”

அவள் அவரையே பார்த்தாள். அந்தப் பார்வை அவருக்குப் புரியாமல் இல்லை. வண்டியைப் பற்றிய கவலையில் இருக்கும்வரை அந்த வீட்டு வாசலைப் பற்றி நினைக்க வேண்டியதில்லை என்பது அவருக்கே உள்ளுக்குள் தெரிந்திருந்தது. டயர், நாசில், பிரேக் என்று பேசிக்கொண்டிருப்பது சுலபம். ஆனாலும் பிடித்த பிடியை விட முடியவில்லை. மனுஷ மனம் அப்படித்தான். நல்லது செய்யப் போகும்போதுகூடத் தன் இஷ்டப்படிதான் செய்வேன் என்று அடம் பிடிக்கும்.

எட்டயபுரம் பக்கத்திலிருந்து தட்டையை வரவழைத்து ஆபீசில் அடுக்கிவிட்டார். எண்பது கட்டு. புதன்கிழமை வண்டியைக் கிளப்பிப் பார்க்க நாள் குறித்தார்கள். பழைய இரும்பு எடுக்கிறவர் ஒருவர், கிட்டங்கிச் சாமான்களைப் பார்க்க வந்தவர், அதையும் ஒரு வேடிக்கை பார்ப்போம் என்று வண்டிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

“ஏன் அண்ணாச்சி மெனக்கெடுதீங்க? தூக்கிப் போட்டா நல்ல விலைக்கு எடுத்துக்கிடுதேன்” என்றார்.

“கொஞ்சம் பொறுங்க” என்றார் ஆறுமுகசாமி.

செண்பகராஜ் சாவியைத் திருப்பினான். இஞ்சின் இருமியது. நின்றது. மறுபடி இருமியது. மூன்றாவது தடவை ஒரு குலுக்கு. கிட்டங்கியின் தகரக் கூரை அதிர, வண்டி பிடித்துக்கொண்டது. ஆறுமுகசாமி இரண்டு கையையும் தலைக்கு மேல் கூப்பினார்.

ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. பழைய இரும்புக்காரர் தொண்டையைப் பிடித்துக்கொண்டு வெளியே ஓடினார். பின்னாலேயே செண்பகராஜ். கண்ணில் நீர் ஊற்ற, கதவைத் தடவித் தடவி ஆறுமுகசாமி. மூன்று பேரும் வேப்பமரத்தடியில் நின்று ஆளுக்கொரு பக்கம் பார்த்து இருமினார்கள். வத்தலை வறுக்கிற நெடி காம்பவுண்டைத் தாண்டி ரோடு வரைக்கும் போயிற்று. பஸ்ஸுக்கு நின்றவர்கள் முந்தானையாலும் துண்டாலும் மூக்கைப் பொத்தினார்கள்.

மீனாட்சியம்மாளுக்குப் போன் போட்டார் ஆறுமுகசாமி. “வத்தலை வேற எங்கன வச்ச?”

“பானெட்டுக்குள்ளதான்… ஆங், அந்தப் புகைபோற குழாய்க்குள்ளயும் ஒரு ரெண்டு படி திணிச்சேன். அதுவழியா எலி போயிரும்லா?”

செண்பகராஜ் தரையில் உட்கார்ந்துவிட்டான். “அண்ணாச்சி, ஒண்ணு மட்டும் நிச்சயம். உங்க வண்டிக்கு யாரு கண்ணும் படலை. கண்ணு பட்டிருந்தா இந்த நெடி ஏறாது.”

பழைய இரும்புக்காரர் சொல்லிக்கொள்ளாமலே போய்விட்டார்.

சைலன்சரைக் கழற்றிச் சுத்தம் செய்து மாட்டுவதற்குள் வியாழக்கிழமை வந்தது. பிரேக் ஒரு பக்கம் இழுத்தது. அதைச் சரிசெய்து, தட்டையை ஏற்றி, படுதாவைப் போட்டுக் கயிறு கட்டும்போது பொழுது சாய்ந்துவிட்டது.

“நாளைக்குச் சாயங்காலம் நாலு மணிக்கு வாரேன்” என்றான் செண்பகராஜ். “காலையில பட்டறையில ஒரு டிராக்டர் வேலை கிடக்கு. நீங்களா எடுத்துராதீங்க. பிரேக்கை நம்ப முடியாது. நான் ஓட்டுதேன்.”

“சரிலே.”

வெள்ளிக்கிழமை காலையிலிருந்து புழுக்கம். இலை அசையவில்லை. பன்னிரண்டு மணிக்குத் தெற்கே ஒரு மேகம் கறுத்தது. ஆறுமுகசாமி ஆபீஸ் வாசலுக்கும் வண்டிக்குமாக நடந்தார். மணி பார்த்தார். மேகத்தைப் பார்த்தார். நாலு மணிக்கு அவன் வருவதற்குள் மழை இறங்கிவிட்டால் காட்டுப்பாதை இல்லை. பொழுது விடிந்தால் சனிக்கிழமை. ஒன்றரை மணிக்கு மேல் அவரால் முடியவில்லை. டாஷ்போர்டில் ஒட்டியிருந்த முருகனைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, பின்வாசலைத் திறந்து, வண்டியை எடுத்தார்.

பதிமூன்று வருஷம் கழித்துப் பிடித்த ஸ்டியரிங் முதலில் கைக்குப் புதுசாக இருந்தது. பிறகு பழகிவிட்டது. பருத்திமார் பிடுங்கிய நிலம் இரண்டு பக்கமும் வெடித்துக் கிடக்க, உடைமரங்களுக்கு நடுவே பாதை வெள்ளையாகப் போனது. வண்டி நன்றாகத்தான் ஓடியது. வத்தல் வாசனை மட்டும் இன்னும் லேசாக வந்தது. முதல் கிலோமீட்டர், இரண்டாவது, மூன்றாவது. ஓடைக்கரையில் ஏறி இறங்கினால் வீடு.

கண்ணாடியில் முதல் சொட்டு விழுந்தது அங்கேதான்.

கோடைமழை சொல்லிக்கொண்டு வருவதில்லை. நின்று பெய்யவும் இல்லை. கால்மணி நேரம் அடித்து ஊற்றிவிட்டு வடக்கே போய்விட்டது. கரிசலுக்கு அது போதும். வீட்டின் வேலிப்படல் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில், எழுபது எழுபத்தைந்து கஜத்துக்கு இந்தப் பக்கமே, பின்சக்கரம் இரண்டும் சுற்ற ஆரம்பித்தன. ஆறுமுகசாமி ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தார். தெரியும் அவருக்கு. மிதித்தால் கீழேதான் போகும்.

இறங்கினார். முழங்கால் வரை வேட்டியை மடித்துக் கட்டினார். செருப்பு மண்ணோடு போனது. பின்னால் வந்து சக்கரத்தைக் குனிந்து பார்த்தார். பாதி இறங்கியிருந்தது. நாலு கட்டுத் தட்டை போதும். சக்கரத்துக்கு இரண்டாகப் போட்டால் வண்டி ஏறிவிடும். அதற்கு அப்புறம் இன்னும் நாலு. வாசல் போய்ச் சேர எப்படியும் பத்துப் பன்னிரண்டு கட்டு. எண்பதில் பன்னிரண்டு போனால் என்ன, அறுபத்தெட்டு மிஞ்சுமே என்று மனசு கணக்குப் போட்டது. கை படுதாவைத் தூக்கி ஒரு கட்டை உருவியும் விட்டது. காய்ந்த தட்டையின் மணம் அடித்தது.

கட்டைக் கையில் வைத்துக்கொண்டு அவர் வெகுநேரம் நின்றார். சேற்றில் ஒரு தவளை கத்தியது. வேலிக்கு அப்பால் ஒரு மாடு குரல் கொடுத்தது; பசித்த மாட்டின் குரலுக்கு வேறு அர்த்தம் கிடையாது.

கட்டைத் தூக்கித் தலையில் வைத்தார். அதன்மேல் இன்னொன்று. தோளில் ஒன்றைச் சாய்த்துக்கொண்டு வேலியைப் பார்த்து நடந்தார்.

வீடு பூட்டியிருந்தது. மேல ஓடைப்பட்டியில் அம்மன் கோயில் பொங்கல் என்று ஊரே அங்கே போயிருந்தது. கொட்டுச் சத்தம் தூரத்தில் கேட்டது. மாடத்தி மில்லில் இருப்பாள். படலைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார். தகரக் கொட்டகைக்குள் இரண்டு பசுக்கள், விலா எலும்பு தெரிய. தொட்டியில் வேப்பங்குழை கிடந்தது. அதைக்கூடப் பாதி தின்றிருந்தன. ஆறுமுகசாமி அதைப் பார்த்தார். பார்த்துவிட்டுத் திரும்ப வண்டிக்கு நடந்தார்.

அறுபத்திரண்டு வயதில், காயாத சேற்றில், மூன்று மூன்று கட்டாக. அஞ்சாவது நடையில் மூச்சு வாங்கியது. எட்டாவது நடையில் வழுக்கி விழுந்தார். கட்டு நனையாமல் தன் மேலேயே விழும்படி பார்த்துக்கொண்டார். பத்தாவது நடைக்குப் போகும்போது போன் அடித்தது.

“அண்ணாச்சி, வண்டியைக் காணுமே! நீங்களே எடுத்துட்டியளா?” செண்பகராஜ்தான். மணி அதற்குள் நாலாகியிருந்தது.

“எடுத்தேன். நடுவழியில இறங்கிருச்சு.”

“இறங்கிருச்சா? அதான் பின்னால ஒரு லோடு தட்டை இருக்கே அண்ணாச்சி! நாலு கட்டை உருவிச் சக்கரத்துக்குப் போடுங்க. ரெண்டு நிமிசத்துல ஏறிரும்.”

“அது எனக்குத் தெரியும்லே.”

“பிறவு என்ன?”

“நீ நாளைக்குக் காலையில ஒரு டிராக்டரைக் கூட்டிட்டு வந்து இழுத்துரு.”

“அதுக்குள்ள மண்ணு காஞ்சு பிடிச்சுக்கிடுமே! மறுபடியும் மழை வந்தா அச்சு முங்கிரும். இருபது நாள் பாடுபட்ட வண்டி அண்ணாச்சி!”

“நிக்கட்டும்லே” என்று சொல்லிப் போனை வைத்தார்.

சொன்ன பிறகுதான் கவனித்தார், மூன்று வாரமாக நெஞ்சில் ஓடிக்கொண்டிருந்த ஏதோ ஒன்று நின்றிருந்தது. வண்டியைத் திரும்பிப் பார்க்கத் தோன்றவில்லை. அடுத்த மூன்று கட்டைத் தூக்கினார். மொத்தம் இருபத்தேழு நடை வந்தது.

படப்பு அடுக்கி அவருக்குப் பழக்கமில்லை. தீப்பெட்டிப் பண்டலை அடுக்குகிற மாதிரி நேராக அடுக்கிப் பார்த்தார்; சரிந்துவிட்டது. மறுபடி பிரித்து, அடியில் நாலு கல்லைப் புரட்டிப் போட்டு, தூர் வெளியேயும் தலை உள்ளேயுமாக வட்டமாக வைத்துக்கொண்டே வந்தார். இந்தத் தடவை நின்றது. கொஞ்சம் கோணல்தான். வண்டியிலிருந்து படுதாவைக் கொண்டுவந்து போர்த்தி, கயிற்றை இழுத்துக் கட்டினார். ஒரு கட்டை மட்டும் அவிழ்த்து இரண்டு பசுக்களுக்கும் பங்கிட்டுப் போட்டார். அவை அவரை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. தட்டை முறிபடுகிற சத்தம்தான் கேட்டது.

திரும்ப ஒரு தடவை வண்டிக்குப் போனார். பின்தட்டில் தோகையும் துணுக்குமாக ஒரு கைப்பிடி, இரண்டு கைப்பிடி கிடந்தது. அதையும் கையால் கூட்டி, துண்டில் முடிந்து எடுத்து வந்து, தொட்டிக்குள் உதறினார்.

மேற்கே ரோட்டில் மில் வேனின் ஹாரன் கேட்டது. ஆறுமுகசாமி படலை முன்போல இழுத்துச் சாத்திவிட்டு, பாதையை விட்டு விலகி, வெறுங்காலோடு வரப்பில் இறங்கி நடந்தார்.